பாம்புக்கு டிக்கெட் இல்லை

என் அக்காவுக்குக் காட்டோரத்து ஊருக்கு மாற்றல் வந்தபோது எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை. அந்தப் புண்ணியம் என்னைச் சேரும். அக்கா அரசாங்க நர்ஸ். பென்னாகரத்தைத் தாண்டி, ஒகேனக்கல் ரோட்டிலிருந்து பிரிந்து போகும் ஒரு மண்பாதையின் கடைசியில், பஸ் திரும்புகிற ஊரில் இருந்த சின்ன சுகாதார நிலையத்தில் போய்ச் சேரச் சொல்லி ஆர்டர் வந்திருந்தது. அம்மாவுக்கு யானை பயமில்லை, கரடி பயமில்லை, தனியாக இருக்கப்போகிற மகளைப் பற்றி ஊர் என்ன பேசும் என்கிற பயம்கூட இல்லை. பாம்பு ஒன்றுக்குத்தான் நடுங்குவாள். நான் ஆராய்ச்சிக்காக வரைந்திருந்த பாம்பு மேப்பை மேஜைமேல் விரித்து, அக்கா போகப்போகிற மூலையில் விரலை வைத்தேன்.

"பாரும்மா, இந்தப் பக்கம் ஒரு புள்ளிகூட இல்ல. வெள்ளையா இருக்குது பாத்தியா? விரியன் அங்க கெடையாது."

அம்மா மேப்பை முகர்ந்து பார்க்காத குறையாகக் குனிந்து பார்த்தாள். பிறகு எங்கள் இண்டூரைக் காட்டச் சொன்னாள். இண்டூரைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள் அம்மை வார்த்த மாதிரி கிடந்தன.

"அட கடவுளே, நம்ம வூட்டச் சுத்தித்தான் அத்தனையும் கெடக்குதா? அப்ப பெரியவ தப்பிச்சா போ."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் நின்று, பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். பெரியவளைப் பாம்பே இல்லாத ஊருக்கு மாற்றியிருக்கிறார்கள், சின்னவள் படித்துக் கண்டுபிடித்திருக்கிறாள் என்று. அக்காவும் சிரித்துக்கொண்டே பெட்டியைக் கட்டினாள். நான் தலைக்கனத்தோடு நின்றேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் டவுனில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டே ஆராய்ச்சிப் படிப்புக்கும் பதிந்திருந்தேன். எங்கள் மாவட்டத்து விஷப்பாம்புகள் எங்கே வாழ்கின்றன, ஏன் அங்கே வாழ்கின்றன என்பது என் தலைப்பு. தலைப்பை நான் தேர்ந்தெடுக்கவில்லை. பட்டாம்பூச்சி, மீன், பறவை என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டு போனபின் மிச்சம் கிடந்தது பாம்பு. மிச்சத்தை எடுத்தவள் நான் என்றாலும், எடுத்தபின் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். எனக்கு அப்படி ஒரு பிடிவாதம் உண்டு.

என் வழிகாட்டிப் பேராசிரியர் ஆஸ்திரேலியாவில் இந்த வேலையைக் கம்ப்யூட்டரில் செய்கிறார்கள் என்று எங்கோ படித்திருந்தார். எங்கள் துறையில் கம்ப்யூட்டர் என்பது வாயால் சொல்லிக்கொள்கிற பொருள். அதனால் எனக்கு ட்ரேசிங் பேப்பர் வாங்கிக் கொடுத்தார். முறை எளிதுதான். பாம்பு கிடைத்த இடங்களுக்கெல்லாம் ஒரு தாளில் புள்ளி வைக்க வேண்டும். அந்தப் புள்ளிகள் விழுந்த இடங்களில் மழை குறைந்தது எவ்வளவு, கூடியது எவ்வளவு, நிலம் எவ்வளவு உயரம், மண் என்ன மண் என்று பார்க்க வேண்டும். பிறகு மழைக்கு ஒரு தாள், உயரத்துக்கு ஒரு தாள், மண்ணுக்கு ஒரு தாள் வரைந்து, அந்த அளவுக்குள் வருகிற இடங்களை மட்டும் ஒவ்வொன்றிலும் நிழலடித்து, மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வெளிச்சத்தில் பிடித்தால், மூன்று நிழலும் சேர்ந்து கறுத்துத் தெரிகிற இடம்தான் அந்தப் பாம்புக்குப் பிடித்த நிலம். இன்றுவரை அதன் கால் படாத இடமாக இருந்தாலும் அங்கே அது வாழ முடியும்.

"பாம்புக்கு ஏதுடி காலு?" என்று அக்கா கேட்டாள்.

அம்மாவுக்கு இதை நான் விளக்கியபோது அவள் சட்டென்று பிடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டில் ஜாதகத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறார்களே, அதுபோலப் பாம்புக்கும் ஊருக்கும் மூன்று பொருத்தம் பார்க்கிறாய், அவ்வளவுதானே என்றாள். அவ்வளவுதான். பேராசிரியர் பக்கம் பக்கமாகச் சொன்னதும் அதைத்தான்.

புள்ளி வைப்பதற்குப் பாம்பு வேண்டுமே, அதற்கு நான் காடு மேடு அலையவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாம்பு கடித்துவிட்டால் கடிபட்டவரைத் தூக்கும் முன்பே நாலு பேர் தடியெடுத்துக்கொண்டு பாம்பைத் தேடுவார்கள். அடித்த பாம்பைக் கம்பில் தொங்கவிட்டோ பையில் போட்டோ கடிபட்டவரோடு சேர்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவார்கள். டாக்டருக்கு எது கடித்தது என்று தெரிய வேண்டாமா? டவுன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த பாய், அந்தப் பாம்புகளை பார்மலின் ஊற்றிய பாட்டில்களில் போட்டு, எந்த ஊர்ப் பாம்பு என்று ஒட்டுக்காகிதத்தில் எழுதி, மருந்து அறையின் பின்பக்கம் அலமாரி முழுக்க அடுக்கி வைத்திருந்தார். ஏன் வைத்தார் என்று கேட்டால், "தூக்கிப் போட மனசு வரலீங்க டீச்சரம்மா, அவ்வளவு தூரம் தூக்கிட்டு வர்றாங்க" என்பார். எனக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. வாரத்துக்கு ஒருநாள் போய் எண்ணெய் விரியன் எது, கண்ணாடி விரியன் எது, சுருட்டை விரியன் எது, விரியன் என்று நினைத்து அடித்த அப்பாவிச் சாரை எது என்று பிரித்து எழுதிக்கொண்டு வருவேன். வீட்டுக்கு வந்தால் அம்மா என்னைக் கொல்லைப்புறமாகக் குளிக்க அனுப்புவாள்.

அந்த அலமாரியை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பாட்டில்களில் நல்ல பாம்பு ஏறக்குறைய இல்லவே இல்லை. அதற்காக எங்கள் மாவட்டத்தில் நல்ல பாம்பு இல்லை என்று எழுத நான் முட்டாளா? நல்ல பாம்பை அடிக்கமாட்டார்கள். தவறி அடித்துவிட்டால் பால் ஊற்றி, துணி போட்டுப் புதைத்துவிடுவார்கள். எங்கள் தெருவில் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற வீட்டிலேகூட அப்படித்தான் செய்தார்கள். ஆகவே நல்ல பாம்பு பாட்டிலுக்கு வராது, அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று ஆராய்ச்சி ஏட்டில் தனிப் பத்தியே எழுதினேன். பேராசிரியர் அந்தப் பத்தியை மெச்சினார்.

சுருட்டை விரியன் மேப்புதான் ரொம்ப அழகாக வந்தது. டவுனைச் சுற்றி ஒரு வளையம். இண்டூர் அதற்குள் வந்தது. வளையத்துக்கு வெளியே, பென்னாகரத்துக்கு அப்பால் காவிரி வரைக்கும், சுத்த வெள்ளை. அழகான மேப்பைப் பார்த்தால் அதற்கு அழகான காரணம் எழுதக் கை துடிக்கும். செம்மண், அளவான மழை, கடலைக்காட்டு எலி, மூன்றும் டவுனைச் சுற்றித்தான் பொருந்துகிறது, அப்பால் சரிவும் வறட்சியும் வேறு மாதிரி, ஆகவே அங்கே இல்லை என்று ஓர் அத்தியாயம் எழுதி முடித்தேன். பேராசிரியர் அதை இரண்டு கல்லூரிகளில் வாசித்துக் காட்டிவிட்டு வந்தார்.

அந்தச் செய்தி மாவட்டத்துச் சுகாதார அதிகாரி காதுக்கும் போயிற்று. பாம்புக்கடி மருந்து அப்போது எங்கள் பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் மட்டும்தான் இருக்கும். அந்த வருஷம் கொஞ்சம் கூடுதலாக வருகிறது, சில சுகாதார நிலையங்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம், எந்தெந்த நிலையத்துக்கு என்று முடிவு செய்ய உங்கள் மேப் உதவும், நல்ல பிரதி ஒன்று எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். நான் வரைந்த புள்ளிகளைப் பார்த்து மருந்து போகப்போகிறது! எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

கூட்டத்துக்கு முந்தின வாரம் அக்காவைப் பார்க்கப் போனேன். அவள் அங்கே போய்ச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை. அம்மா மூன்றடுக்கு டிபன் கேரியரில் புளிச்சோறு, தயிர்ச்சோறு, மேலடுக்கில் அதிரசம் வைத்துக் கொடுத்தாள். அக்கா சந்தோஷமாகத்தான் இருந்தாள். சுகாதார நிலையத்தை ஒட்டியே அவள் குடியிருந்த அறை. பின்னால் கல் அடுக்கிய வேலி, அதற்கப்பால் முள்ளுக்காடு, அதற்கப்பால் சரிவு. வாசலிலும் கொல்லையிலும் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தாள்.

"செருப்புப் போடறதில்லையா?"

"நீதான பாம்பில்லன்னு மேப்பு போட்டுக் குடுத்த? இந்த மண்ணு காலுக்குச் சுகமா இருக்குதுடி."

எனக்குப் பெருமையாக இருந்தது. மறுநாள் காலை, கழுவி வைத்த காலி டிபன் கேரியரோடு முதல் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் கிளம்பப் போகிற நேரத்தில் சரிவுப் பக்கமிருந்து ஒருவர் தன் மனைவியை முதுகில் சுமந்துகொண்டு ஓடிவந்தார். அந்தப் பெண்ணின் கணுக்காலில் கயிறு கட்டியிருந்தது. பொழுது விடியும்போது விறகு இழுக்கப் போன இடத்தில் கடித்துவிட்டதாம். அவர்களுக்குப் பின்னால் அவளுடைய தம்பி. அவன் கையில் ஒரு கம்பு, கம்பின் நுனியில் ஒரு பாம்பு தொங்கியது.

கண்டக்டர் படியில் குறுக்கே நின்றார்.

"அம்மாவ ஏத்துங்க, சீக்கிரம் ஏத்துங்க. பாம்பு வேணாம். அதக் கீழ போட்டுட்டு வாங்க."

"டாக்டரு கேப்பாருங்களே!" என்றார் புருஷன்.

"கேக்கட்டுங்க. பாம்புக்கு டிக்கெட் இல்லீங்க. மொதலாளி ஆர்டரு. அந்தப் புளியமரத்தடியில வீசிட்டு ஏறுங்க, நேரமாவுது."

தம்பி ஒரு கணம் தயங்கினான். பிறகு, இதெல்லாம் வழக்கம்தானே என்பதுபோல் நேராகப் போய் மரத்தடியில் கம்பை உதறிவிட்டு ஏறிக்கொண்டான். பஸ்ஸில் இருந்தவர்கள் கடிபட்டவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள், ஒருத்தர் தண்ணீர் நீட்டினார். புளியமரத்தடியைத் திரும்பிப் பார்த்தது நான் ஒருத்திதான்.

"ஒரு நிமிசம் நிறுத்துங்க" என்று இறங்கி ஓடினேன். மரத்தடியில் கிடந்தது சுருட்டை விரியன். பழுப்பு உடம்பு, பக்கவாட்டில் வெள்ளை வளைகோடு, தலையில் பறவைக் கால் பதிந்த மாதிரி அடையாளம். மூன்று வருஷமாக அதைப் பாட்டிலில் பார்த்தவளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அதற்குப் பக்கத்திலேயே, மண்ணோடு மண்ணாகக் காய்ந்துபோன இன்னொன்றின் எலும்பு. வேருக்கு அந்தப் பக்கம் எறும்பு மொய்க்கிற இன்னொன்று. என் மேப்பில் வெள்ளையாக இருக்கிற ஊர் இது.

அந்தப் பெண்ணின் கணுக்காலைத்தான் முதலில் நினைத்தேன் என்று சொன்னால் பெரிய மனுஷித்தனமாக இருக்கும். நான் நினைத்தது அக்காவின் வெறுங்காலை.

டிரைவர் ஆரன் அடித்தார். என் கையில் இருந்தது டிபன் கேரியர். குச்சியால் தலையை அழுத்திப் பார்த்தேன், செத்துத்தான் இருந்தது. கீழடுக்கைத் திறந்து குச்சியாலேயே சுருட்டி உள்ளே தள்ளி, மற்ற அடுக்குகளை மேலே வைத்துக் கொக்கியை மாட்டினேன். சுகாதார நிலையத்து வாசலில் நின்ற அக்காவைப் பார்த்து, "செருப்பு! செருப்புப் போட்டு நட!" என்று கத்திக்கொண்டே ஏறினேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, கையை ஆட்டினாள்.

அன்றைய பஸ் பயணம்போல நீளமான பயணம் எனக்கு இன்றுவரை வாய்த்ததில்லை. கடிபட்ட பெண் என் தோளில்தான் சாய்ந்திருந்தாள். கடிவாயில் ரத்தம் நிற்கவில்லை. பென்னாகரம் வரும்போது பல் ஈறிலும் கசியத் தொடங்கிவிட்டது. "தூங்காதம்மா, பேசிட்டே வா" என்றேன். அவள் வீட்டில் கட்டிப்போட்டிருக்கிற ஆட்டைப் பற்றி, அதற்குத் தண்ணீர் வைக்காமல் வந்துவிட்டதைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொன்னாள். என் மடியில் அவளைக் கடித்த பாம்பு சாப்பாட்டுப் பாத்திரத்தில் இருந்தது. அது அவளுக்கும் தெரியாது, டிக்கெட் கிழித்துக் கொடுத்த கண்டக்டருக்கும் தெரியாது.

கண்டக்டரிடம் பேச்சுக் கொடுத்தேன். "எப்பவும் இப்படித்தான் பாம்ப எறக்கிருவீங்களா?"

"ஆமாங்க, மழ பேஞ்சா வாரந்தவறாம ஒண்ணு வந்துரும். ஒருவாட்டி என்னாச்சு தெரியுங்களா? செத்துப்போச்சுன்னு பையில போட்டு எடுத்தாந்தாரு ஒருத்தரு. பாதி வழியில அது எந்திரிச்சிருச்சு. அத்தனை சனமும் சன்னல் வழியா குதிக்குது. டிரைவரும் குதிச்சுட்டாரு. பஸ்ஸு தானாப் போயி ராகிக் காட்டுல நின்னுச்சுங்க! அன்னைக்கு மொதலாளி சொன்னதுதான், மனுசன ஏத்து, பாம்ப ஏத்தாதன்னு."

முன்சீட்டில் இருந்தவர்கள் அந்தக் கஷ்டத்திலும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மூன்று வருஷ வேலை கண்ணெதிரில் சரிந்து விழுவதைப் பார்த்தேன். டவுனைச் சுற்றியிருந்தவர்கள் சைக்கிளிலும் மாட்டுவண்டியிலும் பாம்போடு வந்தார்கள். தூரத்தில் இருந்தவர்கள் பஸ்ஸில், பாம்பில்லாமல் வந்தார்கள். நான் வரைந்த அழகான வளையம், மாட்டுவண்டி போய்ச் சேர்கிற தூரம். செம்மண்ணும் கடலைக்காட்டு எலியும் நானாகக் கட்டிய கதை. நல்ல பாம்பு ஏன் வரவில்லை என்று யோசித்த மூளைக்கு, விரியனும் வழியில் இறக்கிவிடப்படலாம் என்று தோன்றவே இல்லை.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டர், "என்ன பாம்பு?" என்று கேட்டதும் நான் டிபன் கேரியரை மேஜைமேல் வைத்துத் திறந்தேன். பாய் ஓர் அடி பின்னால் குதித்தார்.

"யா அல்லா! என்னங்க டீச்சரம்மா, சோத்து டப்பாவுலயா!"

மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். நான் வெளியே பெஞ்சில் அவள் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மதியம் தாண்டி டாக்டர் வந்து, ரத்தம் உறையத் தொடங்கிவிட்டது, பிழைத்துக்கொள்வாள் என்றார். புருஷன் தலைத்துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். எனக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. "ஆட்டுக்கு யாராச்சும் தண்ணி வெப்பாங்களா?" என்று அவரிடம் கேட்டேன். வேறென்ன கேட்பதென்று தெரியவில்லை.

பாம்போடு போன கேரியரை அம்மா வீட்டுக்குள் விடவில்லை. சாம்பல் போட்டுத் தேய்க்கிறேன், வெந்நீரில் போடுகிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். "அத எங்கயாச்சும் தொலச்சுட்டு வா, இல்ல நீயும் அதோட வெளியவே இரு" என்றாள். மேப் தப்பு என்று சொன்னபோதுதான் உண்மையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோயில் வாசலில் சொன்னதையெல்லாம் என்ன செய்வது என்று ஒரு கவலை, பெரியவளைப் பற்றி இன்னொரு கவலை. அன்றைக்கே ஒரு ஜோடி ஷூ வாங்கிவரச் சொல்லி அப்பாவை அனுப்பினாள். எங்கள் ஊரில் எந்தப் பொம்பளை ஷூ போட்டாள் என்று அப்பா முனகிக்கொண்டே போனார்.

அடுத்தடுத்த நாட்களில் பஸ் ஸ்டாண்டில் டீக்கடைப் பெஞ்சே என் கல்லூரியாயிற்று. ஒவ்வொரு ரூட் கண்டக்டரையும் பிடித்து, பாம்பை எங்கே இறக்குவீர்கள் என்று கேட்டேன். ஒருத்தர் பாலத்தடி என்றார், ஒருத்தர் மைல்கல் என்றார், ஒருத்தர் ஏரிக்கரை. எல்லா ரூட்டிலும் ஏதோ ஓர் இடம் இருந்தது. என்னைப் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள், ஆனாலும் டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து நாலாவதாக ஒரு ட்ரேசிங் தாள் எடுத்தேன். மழையும் மண்ணும் இல்லாமல், எந்த ஊரிலிருந்து பாம்பு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர முடியும் என்பதை மட்டும் அதில் நிழலடித்தேன். புள்ளித்தாளின்மேல் வைத்தபோது வளையத்தோடு வளையம் அச்சாகப் பொருந்தியது. மழைத்தாளும் மண்தாளும்கூட அவ்வளவு பொருந்தியதில்லை.

பேராசிரியர் முகம் கொடுக்கவில்லை. "ஒரு பாம்பப் பாத்துட்டு ஒரு அத்தியாயத்தையே கிழிக்கச் சொல்றியாம்மா?" என்றார். இரண்டு கல்லூரியில் வாசித்துவிட்டாரே, பாவம். நான் புள்ளித்தாளையும் அதன்மேல் நாலாவது தாளையும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிட்டு நகர்ந்து நின்றேன். வெகுநேரம் பார்த்தார். கடைசியில், "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. கூட்டத்துக்கு முன்னாடியே தெரிஞ்சுதே" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர்.

கூட்டத்துக்கு நான் கொண்டுபோன மேப்பில் வெள்ளை இடம் எதுவும் இல்லை. வெள்ளையாக இருந்த இடமெல்லாம் பென்சிலால் சாய்கோடு போட்டு, 'தெரியாது' என்று எழுதியிருந்தேன். அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது? தெரிஞ்சதச் சொல்லத்தான் உங்களக் கூப்பிட்டோம். பாதி மாவட்டத்துக்குத் தெரியாதுன்னு எழுதிட்டு வந்திருக்கீங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "சார், போன வாரம் வரைக்கும் அங்க பாம்பு இல்லன்னு எழுதி வெச்சிருந்தேன். அதக் குடுத்திருந்தா நீங்க அங்க மருந்து அனுப்புவீங்களா?"

"எதுக்கு அனுப்பறோம்?"

"இப்ப தெரியாதுங்கறேன். இப்ப என்ன செய்வீங்க?"

அறையில் சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நாலாவது தாளைக் கையில் எடுத்து, பஸ் திரும்புகிற ஊர்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். "அனுப்பித்தான் ஆகணும்" என்றார். டவுனுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் ஆஸ்பத்திரிக்கே வந்துவிடலாம், பஸ் கடைசியாகப் போகிற ஊர்களுக்குத்தான் முதலில் தர வேண்டும் என்று அவரே முடிவு செய்தார். நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு கண்டக்டர்களோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டேன். இறுக்கமாக மூடின டப்பாவில் இருந்தால் பாம்பை ஏற்றிக்கொள்ள வேண்டும், டப்பா நான் கொடுப்பேன். மற்ற ரூட்டுகளுக்கெல்லாம் கல்லூரி ஆய்வகத்துப் பழைய டப்பாக்கள் போயின. அக்கா ஊர் ரூட்டுக்கு எங்கள் டிபன் கேரியர் போயிற்று. அது டிரைவர் சீட்டுக்குப் பின்னால், எந்தப் பயணியும் ஆசைப்பட்டுத் திறக்காதபடி சிவப்புத் துணி கட்டித் தொங்கியது. மழைக்காலம் பிறந்ததும் சாய்கோடு போட்ட இடங்களில் ஒவ்வொன்றாகச் சிவப்புப் புள்ளிகள் விழத் தொடங்கின. அம்மா மேப்பைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம், நானும் அம்மாவும் வாசலில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தோம். பஸ் எங்கள் ஸ்டாப்பில் வந்து நின்றது, யாரும் இறங்கவில்லை. கண்டக்டர் மட்டும் இறங்கி எங்கள் வீட்டைப் பார்த்து வந்தார். கையில் டிபன் கேரியர். வழக்கமாக அவர் அதை டவுனில் பாயிடம்தான் கொடுப்பார். இண்டூரில் இறங்கியதே இல்லை.

அம்மாவின் மடியிலிருந்த கடலைக்காய் முற்றத்தில் கொட்டியது.

"அக்கா நல்லாருக்காங்க!" அவர் படலைத் தாண்டும் முன்பே சத்தமாகச் சொன்னார். "மொதல்ல அதச் சொல்லச் சொன்னாங்க. நல்லாருக்காங்கம்மா."

பிறகுதான் மற்றதைச் சொன்னார். காலையில் நிலையத்துக்குப் பின்னால் கல்வேலியோரம் காயப்போட்ட துணியை எடுக்கப் போயிருக்கிறாள். ஷூ போட்டுத்தான் போயிருக்கிறாள். கீழே விழுந்த துணியை எடுக்கக் குனிந்தபோது கையில் கடித்துவிட்டது. டாக்டர் அந்நேரம் நிலையத்தில் இருந்தார், மருந்தும் அலமாரியில் இருந்தது. சாயங்கால பஸ் கிளம்பும்போது அக்கா உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டு, அடித்த பாம்பை டப்பாவில் போட்டு மூடி, தங்கச்சி கையிலேயே கொடுங்கள், அது அவள் கட்டாயம் பார்க்க வேண்டியது என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

நான் ஓவென்று அழுதேன். வெட்கமே இல்லாமல், தெரு பார்க்க, பஸ் முழுக்க ஜன்னல் வழியாகப் பார்க்க அழுதேன். டிரைவர் ஆரன் அடிக்காமல் காத்திருந்தார்.

அம்மா அழவில்லை. எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கண்டக்டரிடம் போனாள். ஆறு மாதமாக வாசலில் வைக்கவும் விடாத அந்த டிபன் கேரியரை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தே, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.